மரத்தில் இரும்பு படிந்த கதை

மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கரும்புகை கக்கும். அந்தப் புகையில் ஓர் இரும்பு உடலைக் காட்டுகிறார் துப்பாக்கிக் கம்மியர். நீளம் ஒரு சாண்தான். அரை நிமிடத்தில் அதன் அடிப்பக்கம் முழுக்க மை படிந்துவிடுகிறது. அதை எடுத்து, அதற்கென்று குடைந்துவைத்த மரக்கட்டையின் பள்ளத்தில் நேர்கீழாக இறக்குகிறார். மரச்சுத்தியலால் மேலே இரண்டு தட்டு. பிறகு சாய்க்காமல், அசைக்காமல் அப்படியே மேலே தூக்குகிறார். பள்ளத்துக்குள் அங்கங்கே கறுப்புப் பொட்டுகள் தெரிகின்றன. இரும்பு மரத்தைத் தொட்ட இடங்கள் அவை. சுரண்டியை எடுத்து அந்தப் பொட்டுகளை மட்டும் வருடுகிறார். உதிர்வதைச் சீவல் என்றுகூடச் சொல்ல முடியாது, தூசிதான். மறுபடி புகை, மறுபடி இறக்கல், மறுபடி தூக்கல். முதலில் நாலைந்து பொட்டு. பத்தாவது தடவையில் இருபது. ஐம்பதாவது தடவையில் பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் அன்றைய வேலை முடிந்தது.

ரைஃபிளில் 'பெடிங்' என்று சொல்வது இதைத்தான். நம் தச்சர்கள் வாயில் இதற்கு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: படிமானம். கதவு நிலையில் படிய வேண்டும், மூடி பெட்டியில் படிய வேண்டும். ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் அறையையும், அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டையும் தாங்கும் இரும்பு உடலுக்கு ஆக்‌ஷன் என்று பெயர். அதன் முன்னால் குழல். இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்கும் மரம் ஸ்டாக். ஆக்‌ஷன் ஸ்டாக்கில் படிய வேண்டும்.

படியாவிட்டால் என்ன? குறி பார்க்கும் கருவி இரும்பின்மேல்தானே இருக்கிறது. மரம் எப்படி இருந்தால் குண்டுக்கு என்ன என்று நானும் முதலில் நினைத்தேன். இரும்பு மரத்துக்குள் இப்படியும் அப்படியும் நகர்ந்தாலும் குறிமுள்ளும் குழலும் சேர்ந்தேதானே நகரும்? அந்தக் கேள்வி நியாயமானதுதான். பதில் நகர்வில் இல்லை, வளைவில் இருக்கிறது. மேடுபள்ளமான தரையில் ஒரு பலகையைப் போட்டு இரண்டு முனையிலும் ஆள் ஏறி நின்றால் பலகை வளையும். ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகுகள் அந்த இரண்டு ஆட்கள். பள்ளத்தில் ஒரு சின்ன மேடு இருந்தால் போதும், திருகை இறுக்கும்போது எஃகு அதன்மேல் வளைந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு அழுத்தம் எழுகிறது. கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். குண்டு குழலைக் கடக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் குழல் முழுவதும் சாட்டைபோல் துடிக்கிறது. துடிப்பு தவிர்க்க முடியாதது. அது ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி துடித்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். வளைந்து நின்ற எஃகு ஒவ்வொரு வெடிக்கும் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தால் துடிப்பும் வேறு, குண்டு விழும் இடமும் வேறு. குறி தப்பாத ரைஃபிள் என்றால் இறுக்கமான ரைஃபிள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கலையைத் தெரிந்தவர்கள் கேட்பது வேறு: உதைத்த பிறகு இரும்பு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறதா?

மரமோ சும்மா இருக்கும் சாமான் இல்லை. ஐப்பசி மழையில் எங்கள் ஊர் வீட்டின் பின்கதவு தோள்கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். மாசியில் அதே கதவு காற்றுக்கே ஆடும். உளுத்த மரமில்லை, நல்ல தேக்கு. ஸ்டாக் செய்ய மேல்நாட்டார் பெரிதும் விரும்பிய வால்நட்டும், அதாவது அக்ரூட் மரமும் அப்படித்தான். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ரேகைக்குக் குறுக்கே நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பங்கு சுருங்கும். ரேகை ஓடும் திசையில் அனேகமாகச் சுருங்கவே சுருங்காது. அதனால் பள்ளத்தின் அகலமும் ஆழமும் பருவத்துக்குப் பருவம் மாறும், நீளம் மாறாது. ஒரு திசையில் மட்டும் மூச்சு விடும் படுக்கையில் எஃகைக் கிடத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

புகை காட்டித் தொடும் இடம் தேடும் முறையைத் துப்பாக்கிக்காரர்கள் மட்டும் கையாளவில்லை. மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஜோசஃப் விட்வர்த், 1840இல் கிளாஸ்கோ நகரில் அறிஞர்கள் கூட்டத்தில் ஒரு கட்டுரை படித்தார். சமதளமான இரும்புப் பலகையைச் செய்வது எப்படி என்பது அதன் பொருள். ஒன்றோடொன்று தேய்த்துச் சமமாக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, மூன்று பலகைகளை மை தடவி ஒன்றன்மேல் ஒன்று மாற்றி மாற்றி வைத்து, மை ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டச் சொன்னார். இரண்டு பலகை என்றால் ஒன்று குழிந்தும் மற்றது குமிழ்ந்தும் பொய்யாகப் பொருந்திவிடலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் சமதளம் தவிர வேறு வழியில்லை. இன்றும் நம் பட்டறைகளில் ஃபிட்டர்கள் நீலச் சாயம் பூசி இப்படித்தான் பார்க்கிறார்கள். அதே விட்வர்த் பிறகு ரைஃபிள் செய்யவும் வந்தார். 1860 ஜூலையில் விம்பிள்டன் திடலில் பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் நடத்திய முதல் போட்டியைத் தொடங்கிவைத்தது விக்டோரியா ராணி. விட்வர்த் ரைஃபிளை இரும்புத் தாங்கி ஒன்றில் இறுகப் பூட்டிவைத்திருந்தார்கள். விசையில் கட்டிய பட்டுக் கயிற்றை ராணி இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. மனிதத் தோளை எடுத்துவிட்டு அசையாத தாங்கியைக் கொடுத்தால் எஃகு எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கிறது என்பதை அந்த ஒரு வெடியிலேயே பார்த்துவிட்டார்கள்.

ஆனாலும் பெடிங் பெரிய தலைவலியாக ஆனது புகையில்லா வெடிமருந்து வந்து, ஒரே நீளக் கட்டையில் போல்ட் ரைஃபிள்கள் உட்காரத் தொடங்கிய பிறகுதான். மருந்து வீரியமாயிற்று, உதையும் வேகமாயிற்று. ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரை ஊரான ஓபர்ன்டார்ஃபில் பால் மௌசர் 1898இல் முடித்துக்கொடுத்த ரைஃபிளைப் பார்த்தால் இந்தச் சிக்கலை அவர் எவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறார் என்று தெரியும். ஆக்‌ஷனின் அடியில் முன்பக்கம் ஒரு தடித்த இரும்புக் கட்டி. ரீகாயில் லக் என்பார்கள். உதை முழுவதையும் அந்தக் கட்டியின் பின்முகம் வாங்கி மரத்துக்குக் கொடுக்கிறது. அந்த இடத்தில் மரம் பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஓர் இரும்புத் தாங்கி. இன்னொரு சின்னப் பொருளும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. பின்திருகு மரத்தின்மேல் நேரடியாக இறுகாமல் இருக்க, அதைச் சுற்றி ஓர் இரும்புக் குழாய். எவ்வளவு முறுக்கினாலும் இரும்பு இரும்பின்மேல்தான் போய் நிற்கும், மரம் நசுங்காது. முக்கால் நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் 'பில்லர் பெடிங்' என்று புதிதாகக் கொண்டாடப்பட்ட உத்தியின் விதை இந்தக் குழாயில் இருக்கிறது.

பிரிட்டிஷ் பேரரசின் கையிலிருந்த லீ-என்ஃபீல்டு வேறு ரகம். அதில் பின்கட்டை தனி, முன்கட்டை தனி. உதையை வாங்குவது முன்கட்டையின் பின்முனையில் இருபுறமும் உள்ள இரண்டு சிறு மரத்தோள்கள். கட்டைவிரல் நகமளவு மரம், அவ்வளவுதான். அந்தத் தோள்கள் தேய்ந்தாலோ எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆனாலோ முன்கட்டை ஆட்டம் கொடுக்கும். பிறகு குண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த இரண்டு தோள்களைச் சுற்றித்தான் அரை நூற்றாண்டுக் கைவேலை ஒன்று வளர்ந்தது. அதை வளர்த்தது போர்க்களம் அல்ல, பந்தயத் திடல்.

1890இல் விம்பிள்டனிலிருந்து சர்ரே மாகாணத்தின் பிஸ்லிக்குத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பந்தயம் இடம்பெயர்ந்தது. படைவீரன் கையில் இருக்கும் ரைஃபிளைத்தான் அங்கே முக்கியப் போட்டிகளில் சுட வேண்டியிருந்தது, விருப்பத்துக்கு வேறு துப்பாக்கி கொண்டுவர முடியாது. அப்படியானால் ஒருவருடைய ரைஃபிள் இன்னொருவருடையதைவிட நன்றாகச் சுட எங்கே வழி? மரத்துக்குள்ளே. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலிருக்கும். உள்ளே எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை, குழலின் முனையை மரம் எவ்வளவு பலத்தோடு மேலே தள்ளுகிறது என்பதில் எல்லா ரகசியமும் இருந்தது. தேய்ந்த தோள்களை வெட்டியெடுத்துவிட்டுக் கடினமான மரத்துண்டு பதித்தார்கள். குழலுக்கு அடியில் தக்கையும் காகிதமும் அளந்து வைத்தார்கள். பிஸ்லியில் ஃபுல்டன் குடும்பத்தின் கடை இந்த வேலைக்குப் பேர்போனது. ஜார்ஜ் ஃபுல்டன் 1888இல் அந்தப் பந்தயத்தின் முதன்மைப் பரிசான ராணிப் பரிசை வென்றவர். ராஜா ஆண்ட காலத்தில் அதே பரிசுக்கு ராஜா பரிசு என்று பெயர்; அதை அவருடைய மகன் ஆர்தர் 1912, 1926, 1931 என மூன்று முறை வென்றார். 'ஃபுல்டன் சீர்செய்தது' என்ற முத்திரை குத்திய ரைஃபிளைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். மரம் சுரண்டும் கையே பந்தயமும் வென்றது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்தக் கடைகளிலும் படைப் பட்டறைகளிலும் பெயர் பதியாமல் சுரண்டிச் சுரண்டியே கண் மங்கிப்போனவர்கள் எத்தனையோ பேர். கோப்பையில் சுட்டவர் பெயரைத்தான் பொறித்தார்கள்.

மரம் மாறினால் படிமானமும் மாறும் என்பதை ஆஸ்திரேலியர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1912இல் திறந்த லித்கோ தொழிற்சாலை தொடக்கத்தில் அமெரிக்க வால்நட்டைத்தான் நம்பியிருந்தது. பிறகு உள்ளூர் மரங்களான குயின்ஸ்லாந்து மேப்பிளுக்கும் கோச்வுட்டுக்கும் மாறினார்கள். கோச்வுட் லேசானது, அழகானது, ஆனால் அந்த இரண்டு தோள்களில் விழும் அடியைத் தாங்கவில்லை. உதை விழும் இடத்தில் சிறு செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். பழைய லித்கோ ரைஃபிளைக் கழற்றிப் பார்த்தால் மரத்துக்குள் செம்பு மினுங்கும். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை வேறு வைத்தியம் செய்தது. முன்கட்டை விரியாமல் இருக்கப் பக்கவாட்டில் குறுக்கே ஒரு திருகு. உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் அதை 'இஷாப்பூர் திருகு' என்றே சொல்கிறார்கள். கங்கைக்கரை ஈரத்துக்கு ஓர் ஊர் கண்டுபிடித்த மருந்து அது.

இவர்கள் மரத்தைத் திருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் மரமே வேண்டாம் என்று எடுத்துப்போட்டார். மசாசூசெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க்ளின் மேன். குண்டு ஏன் வழி தவறுகிறது என்ற ஒரே கேள்விக்குப் பின்னால் பல பத்தாண்டுகள் அலைந்தவர். தரையில் கான்கிரீட்டால் பெரிய தூண் கட்டி, அதற்கு 'ஜிப்ரால்டர்' என்று பெயரிட்டு, அதன்மேல் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஓர் இரும்புத் தொட்டிலைப் பதித்தார். குழலுக்கு வளையம் போட்டு அந்தத் தொட்டிலில் கிடத்திச் சுட்டார். உதையில் குழல் பின்னுக்கு வழுக்கும். முன்னுக்குத் தள்ளினால் அதே இரண்டு கோடுகளில் வந்து படியும். பிணைப்பும் இல்லை, இறுக்கமும் இல்லை. ஸ்டாக்கின் தவறுகள் ஒழிந்தபின் மிஞ்சியவை குழலின் தவறும் குண்டின் தவறும்தான். அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். 1909இல் அவர் வெளியிட்ட நூலை இந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். என் பார்வையில் பெடிங் ஓர் அறிவாகப் பிறந்தது அந்தத் தொட்டிலில்தான். அதுவரை அது கைப்பழக்கமாக மட்டும் இருந்தது.

இதற்குப் பிறகு இரண்டு கட்சிகள் எழுந்தன. குழல் முனையை மரம் சில பவுண்டு பலத்தோடு மேலே தாங்கினால்தான் துடிப்பு அடங்கும் என்றது ஒன்று. குழலை எதுவுமே தொடக் கூடாது, அது காற்றில் மிதக்கட்டும் என்றது மற்றது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குறிசுடு ரைஃபிளான நம்பர் 4 (டி), முதல் கட்சி. சோதனையில் நன்றாகச் சுட்ட ரைஃபிள்களைப் பொறுக்கியெடுத்து லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்கு அனுப்பினார்கள். வேட்டைத் துப்பாக்கிக்குப் பேர்போன அந்தப் பட்டறை இருபதாயிரத்துக்கும் அதிகமான ரைஃபிள்களுக்குத் தொலைநோக்கி பூட்டி, படிமானம் சரிபார்த்துக் கொடுத்தது. முனையைத் தாங்கும் முறை சரியாக அமைந்தால் அற்புதமாகச் சுடும். மழை வந்து மரம் அசைந்தால் தாங்கும் பலம் மாறிவிடும், குறியும் கூடவே மாறும். மிதக்கும் குழலுக்கு அந்தக் கவலை இல்லை. இன்று பந்தய ரைஃபிள்களில் மிதக்கும் கட்சிதான் நிற்கிறது. குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து ஆக்‌ஷன் வரை தடையில்லாமல் இழுத்துப் பார்ப்பது அவர்கள் பரீட்சை.

குழல் காற்றில் மிதந்தாலும் ஆக்‌ஷன் எங்கேயாவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும். அந்த இருக்கைக்கு விடை பல் வைத்தியத்திலிருந்து வந்தது. 1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் செயற்கைப் பல்வரிசைக்கு ஏற்ற பிசின் தேடிக்கொண்டிருந்தார். வாயின் வடிவத்தை அச்சாக வாங்கி, இறுகும்போது சுருங்காமல் நிற்கும் பொருள் வேண்டும். அவர் செய்துபார்த்தது எபாக்சி. பல் வைத்தியத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. உரிமத்தை வாங்கிய பாஸல் நகர சீபா கம்பெனி 1946இல் அதைப் பசையாக்கி விற்றது. பெயர் அரால்டைட். நம் வீட்டு மேசை இழுப்பறையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடக்கும் அந்த இரண்டு ட்யூப்களேதான். உடைந்த டம்ளர் ஒட்டுகிற அந்தச் சாமானுக்கும் பந்தய ரைஃபிளுக்கும் ஒரே பாட்டன். ஈறின் வடிவத்தை வாங்கத் தேடிய குணம் எஃகின் வடிவத்தை வாங்கப் பொருந்தியது: சுருங்காமை. மரத்தை எஃகுக்கு ஏற்பச் சுரண்டுவதற்குப் பதிலாக, ஓடும் பிசினை நடுவே ஊற்றி எஃகே தன் இருக்கையை வார்த்துக்கொள்ள விடலாம். வலுவுக்காகக் கண்ணாடி இழைத் தூள் கலந்தார்கள். அதனால்தான் இதற்கு 'கிளாஸ் பெடிங்' என்று பெயர் விழுந்தது.

போருக்குப் பிந்தைய அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைகளில் இது வேகமாகப் பரவியது. அயோவா மாநிலத்து மான்டெசூமா என்ற சிற்றூரிலிருந்து பிரவுனெல்ஸ் கம்பெனி 'அக்ராகிளாஸ்' என்ற பெயரில் டப்பாவில் அடைத்துத் தபாலில் அனுப்பியதால், கைத்தொழில் தெரியாத வீட்டுக்காரரும் இதைச் செய்து பார்க்க முடிந்தது. 1950களின் முடிவில் அமெரிக்கப் படையின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையே தேசியப் போட்டிக்கான எம்1 கேரண்ட் ரைஃபிள்களைப் பிசினில் படுக்க வைத்தது. அந்த ரைஃபிளைத் துடைக்கக் கழற்றி மாட்டும்போதெல்லாம் மரப்படுக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பிசின் படுக்கை அந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. அப்படியும் தேவையில்லாமல் கழற்றாதே என்று படையின் துப்பாக்கிக் கம்மியர்களான ஆர்மரர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள்.

மரத்தின் கதையை முடித்துவைத்தது வியட்நாம். 1966இல் அமெரிக்க மரைன் படை ரெமிங்டன் 700 ரைஃபிளை எம்40 என்ற பெயரில் குறிசுடுநர்களுக்குக் கொடுத்தது. வால்நட் ஸ்டாக். அந்த நாட்டு மழையிலும் புழுக்கத்திலும் மரம் ஊதி முறுக்கிக்கொண்டது. மிதந்துகொண்டிருந்த குழல்மேல் மரம் போய்ச் சாய்ந்தது. நேற்றுப் பார்த்துவைத்த குறி இன்று செல்லவில்லை. எங்கள் பின்கதவுக்கு ஐப்பசியில் நேர்ந்ததுதான் அது. 1970களில் மரைன் படையின் குவான்டிக்கோ முகாம் ஆர்மரர்கள் எம்40ஏ1 என்று மறுபடி செய்தபோது மரத்தை எடுத்துவிட்டு மக்மில்லன் கம்பெனி செய்த கண்ணாடி இழை ஸ்டாக்கைப் போட்டார்கள். அதற்குள்ளும் ஆக்‌ஷனைப் பிசினில்தான் படுக்க வைத்தார்கள். மரம் போயிற்று, படிமானத் தேவை மட்டும் போகவில்லை.

மர ஸ்டாக்கை விடாதவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வேலையை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தால் விளக்குப் புகை முழுக்க மறையவில்லை என்று தெரியும். முதலில் பள்ளத்தை வேண்டுமென்றே கொஞ்சம் அகலமாகக் குடைகிறார்கள், பிசினுக்கு இடம் விட்டு. திருகு ஓட்டைகளில் அலுமினியத் தூண் வைக்கிறார்கள். மௌசரின் குழாய்தான் இது. ரீகாயில் லக்கின் முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் அடிக்கும் டேப் ஒட்டுகிறார்கள், பின்முகத்துக்கு மட்டும் ஒட்டுவதில்லை. உதையை அது மட்டும் வாங்கட்டும், மற்ற இடங்களில் மயிரிழை இடைவெளி இருக்கட்டும் என்று. இரும்பின் துளைகளையும் இடுக்குகளையும் களிமண்ணால் அடைக்கிறார்கள். பிறகு இரும்பு முழுக்க மெழுகு. இதில் ஓர் இடம் தப்பினாலும் இரும்பும் மரமும் ஒரே பிண்டமாகிவிடும். அப்படி ஒட்டிக்கொண்டதை ஃப்ரீசரில் வைத்து, எஃகு சுருங்கட்டும் என்று காத்திருந்து தட்டியெடுத்தவர்கள் உண்டு.

பிசினைக் குழைத்து ஊற்றி ஆக்‌ஷனை இறக்கும்போது திருகை இறுக்கி முறுக்குவதில்லை. இரும்பை அதன் எடையிலேயே படியவிடுகிறார்கள். முறுக்கினால் வளைவையே வார்த்துவிடுவார்கள். ஓரங்களில் பிதுங்கும் பிசினைத் துணியால் வழித்துவிட்டு ஓர் இரவு விடுகிறார்கள். மறுநாள் டயல் மானி ஒன்றைக் குழலோடு பூட்டி, அதன் முள்ளை மரத்தின்மேல் வைத்து, முன்திருகைத் தளர்த்துகிறார்கள். முள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் அசைந்தால் எஃகு வளையாமல் கிடக்கிறது என்று பொருள். தலைமயிரின் தடிமன்கூட இல்லை அது.

அதற்கு முன்னால் ஒரு கணம் உண்டு. மெழுகு பிடித்ததா, களிமண் சரியாக அடைத்ததா என்று தெரியாத கணம். கட்டையைத் தலைகீழாகப் பிடித்து, குழலின்மேல் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. ஒன்றும் நடக்காது. இன்னொரு தட்டு. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், ஆக்‌ஷன் விடுபட்டுக் கையில் விழுகிறது. கட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால், பிசினில் எஃகின் அடிப்பக்கம் அப்படியே பதிந்திருக்கிறது. வளைவுகள், தொழிற்சாலையில் கடைந்த கருவி விட்டுப்போன மெல்லிய கோடுகள், அடியில் குத்திய சின்ன எண்கள், எல்லாமே. எண்கள் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியிருக்கின்றன.